‘எம்.ஏ சோஷியாலஜி படிச்சா என்ன கிடைக்கும்?’ – காரைக்குடி பித்தளை அண்டா சொல்லும் பதில்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கீங்களா? வரிசையா பழைய பொருள் கடைகள். பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, தேக்குத் தூண், யாரோ ஒருத்தரோட கல்யாண போட்டோனு எல்லாமே விலைக்குக் கிடைக்கும். அங்கே ஒரு பாத்திரத்தைக் கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க. பலதுல சின்னதா இனிஷியல் பொறிச்சிருக்கும். ஒரு காலத்துல அது ஒரு வீட்டுப் பெண்ணோட கல்யாணச் சீரா வந்திருக்கலாம்.

டூரிஸ்ட்டா வந்தவர் விலை கேட்பார். ஹிஸ்டரி படிச்சவர் இது எந்த வருஷத்துப் பொருள்னு கேட்பார். சோஷியாலஜி படிக்கிறவருக்கு வேற கேள்விகள் வரும். இது யாருக்குச் சொந்தமா இருந்துச்சு? விக்கலாம்னு வீட்டுல யார் முடிவு பண்ணாங்க? அந்தப் பொண்ணைக் கேட்டாங்களா? இதே ஊர்ல, இதே காலத்துல, இப்படி ஒரு பாத்திரம் வெச்சுக்க முடியாதவங்க யாரு?

இந்தக் கேள்விகள் உங்களுக்குச் சுவாரஸ்யமா இருந்தா, தொடர்ந்து படிங்க. டிகிரி முடிச்சுட்டு ‘அடுத்து என்ன?’னு யோசிக்கிறப்போ, யாரோ ஒருத்தர் ‘எம்.ஏ சோஷியாலஜி’னு சொல்லியிருப்பாங்க. உடனே வீட்டுல, ‘அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?’னு கேட்டிருப்பாங்க. ரெண்டு வருஷமும் அப்பாவோட பணமும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால அந்தக் கேள்வி நியாயமானதுதான். பதிலை நேர்மையா பார்ப்போம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம்

சோஷியாலஜி வேற, சோஷியல் வொர்க் வேற. எம்.எஸ்.டபிள்யூங்கிறது சமூகப்பணிக்கான தொழிற்படிப்பு. ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனம், கம்பெனியோட ஹெச்.ஆர் பிரிவுனு நேரடியா போய்ப் பயிற்சி எடுப்பாங்க. ஒரு குடும்பத்துக்கு எப்படி உதவுறதுங்கிறது அங்கே பாடம்.

எம்.ஏ சோஷியாலஜி, அதாவது சமூகவியல், ‘குடும்பம்’னா என்ன, அது ஏன் இப்படி இருக்கு, யாருக்கு அதுல எவ்வளவு அதிகாரம்னு ஆராயுற படிப்பு. ‘மக்களுக்கு நேரடியா உதவணும், அது மாதிரி வேலைதான் வேணும்’னு நினைச்சு சோஷியாலஜியில சேர்ந்தா, முதல் செமஸ்டர்லயே சலிச்சுடும். இந்த ஒரு விஷயத்தைத் தெளிவா முடிவு பண்ணிட்டாலே பாதி பிரச்னை தீர்ந்துடும்.

உங்க வீட்டு முகப்பே ஒரு பாடம்

நீங்க செட்டிநாட்டுப் பக்கம்னு வெச்சுக்குவோம். ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி டைல்ஸ், பர்மா தேக்கு... ரீல்ஸ்ல எல்லாமே பார்த்தாச்சு. ஆனா அந்த வீடுகளுக்குள்ள குடும்பம் எப்படி நடந்துச்சுங்கிறது அதைவிட ஆச்சர்யம்.

‘அவ்வளவு பெரிய வீடுன்னா கூட்டுக் குடும்பம்தான்’னு நினைப்போம். நகரத்தார் வழக்கம் அப்படி இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்ல அவரையும் மருமகளையும் ‘வேறு வைப்பாங்க’. அதே வீட்டுலதான் இருப்பாங்க. வளவைச் சுத்தியிருக்கிற அறைகள்ல அவங்களுக்கும் இடம் உண்டு. ஆனா சமையல் தனி, செலவுக் கணக்கு தனி. ஒரே கூரைக்குக் கீழே பல அடுப்புகள். கோயில் கணக்கு, ஊர்க் கணக்குல கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு ‘புள்ளி’.

அப்போ இது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா? ஸ்கூல் புத்தகத்துல படிச்ச ரெண்டு வகையிலயும் இது சரியா உட்காராது. புத்தகத்தோட வகைப்பாட்டை உங்க தெரு கேள்வி கேட்கும். எம்.ஏ-வுல முதல்ல பழகுறது இதைத்தான்.

இதையெல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்து ஆராய்ச்சி பண்ணி, புத்தகமா எழுதியிருக்காங்க. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரட்னர் 1994-ல நாட்டுக்கோட்டை செட்டியார்களைப் பத்தி, ‘காலனி இந்தியாவில் சாதியும் முதலாளித்துவமும்’ங்கிற பொருள்ல ஒரு நூல் எழுதினார். ஜப்பானிய ஆய்வாளர் யூகோ நிஷிமுரா, நகரத்தார் பெண்களோட சொத்துரிமை, உறவுமுறை பத்தி எழுதின நூல் 1998-ல வந்துச்சு. டோக்கியோவுக்கும் அமெரிக்காவுக்கும் தெரிஞ்ச நம்ம ஊர் கதை, கல்லுக்கட்டியில நின்னு ஜிகர்தண்டா குடிக்கிற நமக்குத் தெரியலைங்கிறது கொஞ்சம் உறுத்தத்தானே செய்யும்?

மேக்ஸ் வெபர் காரைக்குடிக்கு வந்தா?

எம்.ஏ சோஷியாலஜியில தப்பிக்கவே முடியாத மூணு பெயர்கள் கார்ல் மார்க்ஸ், எமில் துர்க்கைம், மேக்ஸ் வெபர். ‘தியரி பேப்பர்’னாலே பலருக்கு வயித்தைக் கலக்கும். ஆனா உள்ளூர் உதாரணத்தோட படிச்சா ஈஸியா புரியும்.

வெபரை எடுத்துக்குவோம். ஐரோப்பாவுல நவீன முதலாளித்துவம் வளர, புராட்டஸ்டன்ட் மதப்பிரிவினரோட வாழ்க்கைமுறை ஒரு முக்கியமான காரணம்னு 1904-05-ல எழுதினார். இந்தியாவைப் பத்தி எழுதும்போது, இங்கே இருக்கிற சாதி அமைப்பு அந்த மாதிரி வளர்ச்சிக்குத் தடைங்கிற மாதிரி வாதிட்டார்.

இப்போ ரட்னர் என்ன சொல்றார்னு பாருங்க. நகரத்தார் வட்டித்தொழிலோட அடித்தளமே அவங்களோட சாதி அமைப்புதான்னு காட்டுறார். ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட பணத்தை நம்பிக் கொடுக்குறதுக்கு கல்யாண உறவும் கோயிலும் உத்தரவாதம். ஒன்பது நகரக் கோயில்கள்ல யார் எந்தக் கோயில்ங்கிறது, யார் யாரைக் கல்யாணம் பண்ணலாம்ங்கிறதோட சேர்ந்தது. ரங்கூன்ல கோயில்ல கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு பண்ணாங்க. அதாவது, கோயிலும் கல்யாணமும் சேர்ந்து ஒரு பேங்க் செய்யுற வேலையைச் செஞ்சிருக்கு. வெபர் தடைன்னு நினைச்சதுதான் இங்கே தொழிலுக்கு முதுகெலும்பா இருந்திருக்கு.

அந்தப் பணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களோட உலகப் பொருளாதார வீழ்ச்சியில அரிசி விலை சரிஞ்சு, பர்மா விவசாயிகளால கடனைக் கட்ட முடியலை. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல, 1930-ல சுமார் 6 சதவிகிதமா இருந்த செட்டியார்கள் கைவசமுள்ள நிலம், 1930-களோட கடைசியில சுமார் 25 சதவிகிதமாச்சு. நமக்கு ‘பர்மா தேக்கு’ அழகு. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியோட பேரனுக்கு அது வேற கதை. அப்புறம் 1942-ல ஜப்பான் படையெடுப்பு, 1948-ல பர்மா சுதந்திரமடைஞ்சதும் நில தேசியமயம்னு அந்த வருமானம் போச்சு. முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அண்டா வந்து சேர்ந்த பாதையில இதுவும் ஒரு பகுதி.

அண்டா வெச்சுக்கக் கூடாதவர்கள்

இதுவரைக்கும் பேசினது பெரிய வீடுகளோட கதை. சமூகவியல் இங்கேயே நின்னுட்டா அது டூரிஸம் கைடுதான்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரா இருந்தவர் ஜே.ஹெச்.ஹட்டன். இந்தியச் சாதிகளைப் பத்தி அவர் எழுதின புத்தகத்துல, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துல நடந்த ஒண்ணைப் பதிவு செஞ்சிருக்கார். இன்னைக்கு சிவகங்கை மாவட்டமா இருக்கிற பகுதியும் அப்போ அந்த மாவட்டத்துலதான் இருந்துச்சு. 1930 டிசம்பர்ல ஆதிக்க சாதியினர், ஆதிதிராவிடர்கள் மேல எட்டு தடைகளை விதிச்சாங்க. தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது.

அந்தப் பட்டியல்ல இன்னொண்ணும் இருக்கு. வீட்டுல மண்பாத்திரத்தைத் தவிர வேற பாத்திரம் வெச்சுக்கக் கூடாது.

மறுபடியும் அந்தப் பித்தளை அண்டாவை நினைச்சுப் பாருங்க. ஒரு வீட்டுக் கல்யாணத்துல பாத்திரங்களைப் பரப்பி வெச்சு ஊருக்கே காட்டுறாங்க. அதே மாவட்டத்துல இன்னொரு வீட்டுல ஒரு பித்தளைச் செம்பு இருந்தாலே குத்தம். பாத்திரம் வெறும் பாத்திரம் இல்லை. யார் எதை வெச்சுக்கலாம், எதை உடுத்தலாம்ங்கிற விதிகள் வழியாத்தான் ஒரு சமூகம் யாரை மேலே, யாரைக் கீழேன்னு தினமும் சொல்லிட்டே இருக்கு. இதைப் பார்க்கக் கத்துக் கொடுக்குற பேப்பரோட பெயர் ‘சோஷியல் ஸ்ட்ராட்டிஃபிகேஷன்’, சமூக அடுக்கமைவு.

‘அதெல்லாம் அந்தக் காலம்’னு சொல்லத் தோணுதா? தேவகோட்டை பக்கத்துல இருக்கிற கண்டதேவிக்குப் போங்க. தேர் வடம் பிடிக்கிறதுல பட்டியல் சாதி மக்களுக்கும் உரிமை உண்டாங்கிற பிரச்னை 1990-களோட கடைசியில பெருசாகி, கோர்ட் வரைக்கும் போச்சு. பல வருஷம் தேரே ஓடலை. 2024 ஜூன்ல, பலத்த போலீஸ் பாதுகாப்போட மறுபடியும் ஓடுச்சு. ஒரு கயித்தை யார் தொடுறதுங்கிறதுல இவ்வளவு இருக்கு. அது ஏன்னு விளக்க, சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் கொடுத்த ‘ஆதிக்க சாதி’ங்கிற கருத்தாக்கம் உதவும். நிலம், எண்ணிக்கை, அரசியல் செல்வாக்கு மூணும் ஒரு சாதிகிட்ட சேர்ந்தா, ஊரோட விதியை எழுதுறது அவங்கதான்னு சுருக்கமா சொல்லலாம்.

ரெண்டு வருஷத்துல என்ன நடக்கும்?

நாலு செமஸ்டர். சிலபஸ் பல்கலைக்கழகத்துக்கு ஏத்த மாதிரி மாறினாலும் எலும்புக்கூடு ஒண்ணுதான். செவ்வியல் கோட்பாடுகள், நவீனக் கோட்பாடுகள், இந்தியச் சமூகம், ஆராய்ச்சி முறைகள், புள்ளியியல், சமூக அடுக்கமைவு. அதோட பாலினம், கிராமம், நகரம், சுற்றுச்சூழல், மருத்துவம்னு விருப்பப் பாடங்கள். பெரும்பாலான இடங்கள்ல கடைசி செமஸ்டர்ல டிசர்டேஷன், அதாவது நீங்களே களத்துக்குப் போய் எழுதுற ஆய்வு.

என்னைக் கேட்டா, இந்தப் படிப்போட உயிரே அந்த டிசர்டேஷன்தான். கூகுள்ல எடுத்து ஒட்டி முடிக்கிறவங்களும் இருக்காங்க. அப்படி முடிச்சா கையில மிஞ்சுறது சர்டிஃபிகேட் மட்டும்தான்.

களப்பணின்னா என்னன்னு ரெண்டு கதை சொல்றேன். சீனிவாஸ் 1948-ல மைசூர் பக்கம் ஒரு கிராமத்துல போய்த் தங்கி ஆய்வு செஞ்சார். அந்த ஊருக்கு அவர் வெச்ச பெயர் ராம்புரா. 1970 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட்ல அவர் இருந்தப்போ, யாரோ வெச்ச தீயில, அவர் ஒழுங்குபடுத்தி வெச்சிருந்த குறிப்புகளோட மூணு பிரதியும் எரிஞ்சுடுச்சு. நினைவுல இருந்தே எழுத ஆரம்பிச்சு, 1976-ல ‘நினைவில் நிற்கும் கிராமம்’ங்கிற பொருள்ல புத்தகத்தைக் கொண்டுவந்தார். அது இன்னைக்கும் கிளாசிக். உங்களுக்கு கிளவுட் பேக்கப் இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. ஆனா ஊரோட வாழ்ந்தவருக்குத்தான் எரிஞ்சப்புறமும் எழுத ஏதாவது மிச்சமிருக்கும்.

அடுத்தவர் ஆந்த்ரே பெத்தெய். 1961-62-ல தஞ்சாவூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல ஆய்வு பண்ணார். ‘ஸ்ரீபுரம்’னு அந்த ஊருக்குப் புனைபெயர் வெச்சார். அவர் தங்கினது அக்ரஹாரத்துல. அதனாலேயே சேரிப் பக்கம் சுதந்திரமா போய்ப் பழக முடியலைங்கிறதை அவரே வெளிப்படையா எழுதியிருக்கார். நீங்க எந்தத் தெருவுல தங்குறீங்களோ, அந்தத் தெருவோட ஊர்தான் உங்களுக்குத் தெரியும்.

உங்க சொந்த ஊர்லயே ஆய்வு பண்றப்போ இது இன்னும் சிக்கலாகும். நீங்க கேள்வி கேட்குறதுக்கு முன்னாடியே, ‘நீ யாரு வீட்டுப் புள்ள?’னு அவங்க கேட்பாங்க. உங்க பதிலைப் பொறுத்துத்தான் அவங்க பதிலும் வரும். சித்தப்பாவைப் பேட்டி எடுத்துட்டு அவர் சொன்ன சாதிப் பேச்சை எழுதலாமா, கூடாதா? எழுதினா அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்குப் போக முடியுமா? ஊர்ப் பெயரையும் ஆட்களோட பெயரையும் மறைக்கிறது, அனுமதி வாங்குறது எல்லாம் வெறும் சம்பிரதாயம் இல்லை. உங்ககிட்ட நம்பிப் பேசினவங்க உங்களுக்கு அப்புறமும் அதே ஊர்லதான் வாழணும்.

எங்கே, எப்படிச் சேர்றது?

நல்ல செய்தி என்னன்னா, பல பல்கலைக்கழகங்கள்ல எந்த டிகிரி முடிச்சவங்களும் எம்.ஏ சோஷியாலஜிக்கு அப்ளை பண்ணலாம். பி.காம், பி.எஸ்ஸி, பி.இ முடிச்சவங்களுக்கும் கதவு திறந்திருக்கு.

காரைக்குடியிலேயே 1985-ல உருவான அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கு. வள்ளல் அழகப்பர் 1947-ல ஆரம்பிச்ச கல்லூரியில இருந்து வளர்ந்த கல்வி வளாகம் அது. ஆனா அங்கேயும் சரி, வேற எங்கேயும் சரி, இந்த வருஷம் எந்தப் படிப்புக்கு அட்மிஷன், நேரடியா தொலைதூரமா, கட்டணம் எவ்வளவுங்கிறதை அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. சமூகவியல் துறை இருக்கிற மற்ற இடங்கள்ல, பக்கத்துலன்னா மதுரை காமராஜர் பல்கலைக்கழகம். தெற்கே நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், வடக்கே அண்ணாமலை, சேலம் பெரியார், சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம்.

புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி ஜே.என்.யூ மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ‘க்யூட் பி.ஜி’ நுழைவுத்தேர்வு எழுதணும். டிகிரி கடைசி வருஷத்துலேயே அப்ளிகேஷன் வந்துடும்ங்கிறதால, ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்தா ஒரு வருஷம் போயிடும். வேலை பார்த்துட்டே படிக்கணும்னா இக்னோவுல எம்.ஏ சோஷியாலஜி இருக்கு. குறைஞ்சது ரெண்டு வருஷம், அதிகபட்சம் நாலு வருஷத்துல முடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. முக்கியமான புத்தகங்கள், கட்டுரைகள் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் இருக்கு. தமிழ்வழியில படிச்சு வந்தவங்களுக்கு முதல் ஆறு மாசம் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா களத்துக்குப் போனதும் நிலைமை தலைகீழாகும். ‘வேறு வைக்கிறது’, ‘புள்ளி’ மாதிரி சொற்களோட முழு அர்த்தம் புரியறதுக்கு வெளிநாட்டு ஆய்வாளருக்கு மாசக்கணக்காகும். உங்களுக்கு அது ஆச்சி பேசின பேச்சு.

சரி, வேலை?

சர்க்கரை தடவாம சொல்றேன். ‘சமூகவியலாளர் தேவை’னு விளம்பரங்கள் வரிசையா வராது. நெட் தேர்வு எழுதி கல்லூரி ஆசிரியர் ஆகலாம். அதுக்கு எம்.ஏ-வுல பொதுப்பிரிவினருக்கு 55 சதவிகிதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 சதவிகிதம் மார்க் வேணும். ஆனா தமிழ்நாட்டுல தமிழ், இங்கிலீஷ், காமர்ஸ் மாதிரி எல்லா கல்லூரியிலும் சோஷியாலஜி துறை கிடையாது. அதனால நெட் மட்டுமே பிளான்னா ரிஸ்க். ஜே.ஆர்.எஃப் கிடைச்சா, பிஹெச்.டி-க்கு மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

சிவில் சர்வீஸ் மெயின்ஸ்ல சோஷியாலஜி ஒரு விருப்பப் பாடம். ரெண்டு பேப்பர், 500 மார்க். யூ.பி.எஸ்.சி-க்காகவே சோஷியாலஜி எடுக்கிறவங்க நிறைய பேர். ஆனா அந்தத் தேர்வுக்கு எம்.ஏ கட்டாயம் இல்லைங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இதுக்கு வெளியில, வேற பெயர்கள்ல வேலை இருக்கு. ஆய்வு நிறுவனங்கள்ல கள ஆய்வாளர், தொண்டு நிறுவனங்கள்ல திட்ட மதிப்பீடு, மார்க்கெட் ரிசர்ச், ஆப் டிசைன் பண்ற கம்பெனிகள்ல யூசர் ரிசர்ச், பத்திரிகை. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம், சில விலக்குகள் தவிர, நிலம் எடுக்கிறதுக்கு முன்னாடி ‘சமூகத் தாக்க மதிப்பீடு’ செய்யணும்னு சொல்லுது. இந்தியாவுல முழுமையான சாதிவாரிக் கணக்கு கடைசியா வெளியானது 1931-ல. இப்போ 2027 கணக்கெடுப்புல சாதி விவரமும் சேர்க்கப்படும்னு மத்திய அரசு அறிவிச்சிருக்கு. அந்த எண்கள் வர்றப்போ, அதைப் படிச்சு அர்த்தம் சொல்லத் தெரிஞ்சவங்க தேவைப்படுவாங்க.

இந்த வேலைகளுக்கு எம்.ஏ மட்டும் போதாது. கூடவே மூணு விஷயம் கத்துக்கோங்க. எக்செல் தாண்டி ஒரு புள்ளியியல் சாஃப்ட்வேர், ஒருத்தரை ஒரு மணி நேரம் பேசவைக்கத் தெரியுற பொறுமை, பேசினதைத் தெளிவா நாலு பக்கத்துல எழுதத் தெரியுற பழக்கம். மூணும் இருக்கிறவங்க ரொம்ப நாள் சும்மா இருக்க மாட்டாங்கங்கிறது என்னோட நம்பிக்கை.

யார் படிக்க வேண்டாம்?

‘ஈஸியா பாஸ் ஆகலாம்’னு நினைக்கிறவங்க வேண்டாம். முடிச்ச அடுத்த மாசமே வீட்டுக்குச் சம்பளம் கொடுத்தாகணும்ங்கிற நிலைமையில இருக்கிறவங்க, முதல்ல ஒரு வேலையைப் பிடிச்சுட்டு தொலைதூரத்துல படிக்கிறதைப் பத்தி யோசிங்க. அதுல எந்தக் குறைச்சலும் இல்லை.

மத்தவங்க, அட்மிஷன் ஃபார்ம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. உங்க வீட்டுப் பரண்ல இருக்கிற பழைய பாத்திரம் ஒண்ணை இறக்குங்க. பித்தளையோ, எவர்சில்வரோ, மண்சட்டியோ, எதுவா இருந்தாலும் சரி. அது எப்போ, யார் மூலமா, எந்தக் காசுல வந்துச்சு, அதுக்கு முன்னாடி வீட்டுல என்ன இருந்துச்சுனு ஆச்சிகிட்டயோ அப்பத்தாகிட்டயோ கேளுங்க. இடையில பேசாம ஒரு மணி நேரம் கேளுங்க.

எழுந்திரிச்சு வரும்போது உங்ககிட்ட இன்னும் பத்து கேள்வி இருந்தா, ஃபார்மை நிரப்புங்க. ‘என்ன வேலை கிடைக்கும்?’னு கேட்கிற அப்பாவுக்கும், மேல சொன்ன பதில்களை ஒளிக்காம அப்படியே சொல்லுங்க.